சுட்டி மாடும் வரிக்குதிரையும்

எங்கள் கட்டுத்தறியில் இரண்டு மாடுகள் நிற்கின்றன. ஒன்று வெளிர் சாம்பல் நிறக் காங்கேயம் மயிலை. மற்றொன்று, நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த கருப்புக் கலப்பினம். அம்மா அதைச் சுட்டி என்றே கூப்பிடுவார். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கத் தொடங்கினால் மாட்டு ஈக்கள் வந்து சேரும். அந்த நாட்களில் சுட்டி படும் பாடு பார்க்கச் சகிக்காது. மயிலை ஓரளவு நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருக்கும். பத்தடி தள்ளிக் கட்டியிருக்கும் சுட்டியோ காலை உதறும், வாலைச் சுழற்றும், கழுத்தை முதுகுவரை வளைத்து நாக்கால் துழாவும். தொடையில் தோல் மட்டும் தனியாகத் துடிக்கும். சோளத்தட்டு முன்னால் கிடக்கும், தின்னாது.

"கருப்பு மாட்டைத்தான் ஈ தேடிப் போகும்" என்று அப்பா சொல்வார். வேப்பந்தழையைப் போட்டு மூட்டம் வைக்கும்போது, புகை சுட்டியின் பக்கம் போகும்படி காற்றைப் பார்த்துத்தான் வைப்பார். நான் அதை நம்பவில்லை. இரண்டும் மாடு, இரண்டிலும் ஓடுவது ஒரே ரத்தம், ஈக்கு நிறத்தால் என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். அப்பா சொன்னது முழுக்க முழுக்கச் சரி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது அவர் இல்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு முறை சுட்டியின் தோளில் உட்கார்ந்திருந்த மாட்டு ஈ ஒன்றைத் துண்டால் அமுக்கிப் பிடித்துக் கையில் வைத்துப் பார்த்தேன். வீட்டு ஈயைவிட இரண்டு மடங்கு பெரியது. தலையில் கண்ணைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை என்பதுபோல் இரண்டு பெரிய கண்கள். வெயிலில் திருப்பினால் அவை பச்சையாக மின்னின. கொசுவைப்போல் ஊசி குத்தி உறிஞ்சும் ஜீவன் இல்லை இது. கத்தரிபோன்ற வாயால் தோலை வெட்டுகிறது, கசிந்து தேங்கும் ரத்தத்தை நக்குகிறது. அதனால்தான் ஈ எழுந்து போன பிறகும் மாட்டின் மேல் ஒரு சிவப்பு முத்து நின்றுகொண்டிருக்கும். ஆண் ஈக்கு இந்த வேலையே கிடையாது, பூந்தேன் போதும். முட்டை வளர்க்க வேண்டிய பெண் ஈதான் ரத்தத்துக்கு அலைகிறது. கடியோடு போய்விட்டாலும் பரவாயில்லை. சர்ரா என்ற நோயின் கிருமியை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குச் சுமப்பதும் இந்த ஈக்கள்தான். அந்தக் கிருமியைக் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர் 1880-இல், இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் தேரா இஸ்மாயில் கானில், குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் கண்டுபிடித்தார்.

அப்பா சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஹங்கேரியில் காபோர் ஹோர்வாத் என்ற இயற்பியலாளரும் அவருடைய குழுவினரும் குதிரைகளையும் குதிரைப் பொம்மைகளையும் வைத்துப் பார்த்து, வெள்ளைக் குதிரையை ஈக்கள் மிகக் குறைவாக அண்டுகின்றன என்று 2010-இல் எழுதினார்கள். காரணம் தண்ணீர். இந்த ஈக்கள் நீர்க்கரையிலும் ஈரச் சேற்றிலும் முட்டையிடுபவை. தண்ணீரின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியில் அலைகளெல்லாம் ஒரே போக்கில் ஒழுங்குபட்டிருக்கும். தளவிளைவு என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். நம் கண்ணுக்கு அது தெரியாது, ஈயின் கண்ணுக்குத் தெரியும். வழவழப்பான கருப்புத் தோலும் அதே மாதிரி ஒளியைத்தான் திருப்பி அனுப்புகிறது. வெள்ளை மயிர் ஒளியைக் கலைத்துச் சிதறடித்துவிடுகிறது. ஆக, அந்த ஈக்குச் சுட்டி ஒரு குளம். மயிலை அப்படி இல்லை.

இதைப் படித்ததும்தான், அதுவரை தப்பான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உறைத்தது. ஒரு விலங்கு ஏன் கருப்பு வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு, நம் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த நிறம் நமக்காக வந்ததில்லை. யாருடைய கண்ணுக்காக வந்தது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதிக் கேள்வி அவிழ்ந்துவிடும்.

வரிக்குதிரையை முதன்முதலில் மைசூரு விலங்குக்காட்சி சாலையில் பார்த்தேன். சத்தியமங்கலத்திலிருந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த சுற்றுலா அது. தடுப்புக்கு மிக அருகில் ஒன்று பக்கவாட்டில் நின்றது. படத்தில் பார்த்து மனத்தில் வைத்திருந்ததற்கும் நேரில் இருந்ததற்கும் நிறைய வித்தியாசம். கோடுகள் நேராக இல்லை. முதுகிலிருந்து இறங்கும் ஒரு கருப்புக் கோடு விலாவில் இரண்டாகக் கிளைத்து, பின்தொடைக்குப் போகும்போது படுக்கையாகத் திரும்பிவிடுகிறது. நிமிர்ந்து நிற்கும் பிடரிமயிரைக்கூட விட்டுவைக்கவில்லை. கழுத்துக் கோடு எங்கே முடிகிறதோ அங்கிருந்து மயிரில் அதே கோடு தொடர்கிறது. முகத்தில் கோடுகள் மெலிந்து, நெருங்கி, மூக்கருகே கரும்பழுப்பில் கரைந்துவிடுகின்றன. அது நின்ற நேரம் முழுவதும் வால் ஆடிக்கொண்டே இருந்தது. அதற்கு ஓர் அர்த்தம் உண்டு என்பது அன்று எனக்குத் தெரியாது.

இந்தக் கோடுகளைப் பற்றிய சண்டை 150 ஆண்டுகளுக்கு மேல் பழையது. சண்டையிட்டவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. வாலஸ், அந்தி மங்கலில் தண்ணீர் குடிக்க வரும் வரிக்குதிரையைக் கோடுகள் மறைக்கும் என்று கருதினார். தென்னாப்பிரிக்காவின் திறந்த சமவெளியில் கோடுகளால் என்ன பாதுகாப்பு வந்துவிடும் என்று டார்வின் 1871-இல் மறுத்தார். இயற்கைத் தேர்வை ஆளுக்கொரு பக்கமாகக் கண்டுபிடித்த இருவர், ஒரு குதிரையின் மேல்தோலில் ஒத்துப்போகவில்லை. பிறகு வந்தவர்கள் ஆளுக்கொரு விளக்கம் சேர்த்தார்கள். கூட்டமாக ஓடும்போது சிங்கத்தின் கண்ணைக் குழப்பும் என்றார்கள். ஒன்றையொன்று அடையாளம் காண உதவும் என்றார்கள். கருப்பில் சூடும் வெள்ளையில் குளிர்ச்சியும் மாறி மாறி வந்து காற்றைச் சுழலவிட்டு உடலைக் குளிர்விக்கும் என்றார்கள்.

சிங்கத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் பிடித்த விளக்கம் அதுதான், நானும் நம்பியிருந்தேன். 2016-இல் அமாண்டா மெலின், டிம் காரோ முதலிய ஆய்வாளர்கள் சிங்கம், கழுதைப்புலி ஆகியவற்றின் பார்வைக் கூர்மைக்கு ஏற்பப் புகைப்படங்களை மாற்றிப் பார்த்தார்கள். பகலில் ஏறக்குறைய 50 மீட்டருக்கு அப்பால், அந்தியில் 30 மீட்டருக்கு அப்பால், அவற்றின் கண்ணுக்குக் கோடுகளே தெரியாது. எல்லாம் கலங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். அதற்குள் வந்துவிட்ட சிங்கத்துக்கு வாடையும் காலடி ஓசையும் எப்போதோ எட்டியிருக்கும். சிங்கம் விரும்பி அடிக்கும் இரைகளில் வரிக்குதிரையும் ஒன்று என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கோடு அதைக் காப்பாற்றியதாகத் தெரியவில்லை. குளிர்ச்சிக் கதைக்கும் ஒரு சோதனை நடந்தது. ஹோர்வாத்தின் குழு தண்ணீர் நிரப்பிய பீப்பாய்களைப் பலவகைத் தோல்களால் போர்த்தி மாதக்கணக்கில் வெளியில் வைத்து அளந்தது. கோடு போட்ட பீப்பாய் சாம்பல் நிறப் பீப்பாயைவிடக் குளிர்ந்திருக்கவில்லை. உயிருள்ள விலங்கு வியர்க்கும், பீப்பாய் வியர்க்காது என்று மறுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் ஈயின் பக்கம் இருக்கும் ஆதாரம் மிகவும் கனமானது.

2014-இல் டிம் காரோவின் குழு குதிரைக் குடும்பத்தின் எல்லா இனங்களையும் ஒரு வரைபடத்தில் வைத்தது. எங்கெங்கே கோடு உண்டு, எங்கெங்கே சிங்கம் உண்டு, எங்கே காடு, எங்கே வெப்பம், எங்கே கடிக்கும் ஈ என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பரப்பிப் பார்த்தார்கள். கோடுகளோடு விடாமல் பொருந்தி வந்தது ஈதான். நம் நாட்டில் கட்ச் சின்ன ரண்ணின் உப்புவெளியில் திரியும் காட்டுக்கழுதையை நினைத்துப் பாருங்கள். வெளிர்ந்த மணல் நிறம், முதுகில் மட்டும் கருத்த ஒரு கோடு, வேறெங்கும் வரி இல்லை. திபெத்தின் கியாங்குக்கும் இல்லை. ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதையில் சோமாலியாவைச் சேர்ந்ததற்குக் காலில் மட்டும் வரி. ஆப்பிரிக்காவின் தென்முனையில் வாழ்ந்த குவாக்கா என்ற வரிக்குதிரைக்கு முன்பாதியில் மட்டும் வரி. குவாக்காவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. கடைசிக் குவாக்கா 1883 ஆகஸ்ட் 12 அன்று ஆம்ஸ்டர்டாம் விலங்குக்காட்சி சாலையில் செத்துப்போனது. எத்தனையோ முறை படித்த தேதிதான், படிக்கும்போதெல்லாம் மனம் கனத்துப்போகிறது.

இங்கிலாந்தில் வரிக்குதிரைகளையும் குதிரைகளையும் ஒன்றாக வளர்க்கும் ஒரு பண்ணையில் காரோவும் மார்ட்டின் ஹவும் செய்த சோதனை 2019-இல் வெளிவந்தது. என் மனத்துக்கு மிக நெருக்கமான ஆய்வு அது. ஏனென்றால், அவர்கள் செய்ததும் கட்டுத்தறி ஓரத்தில் நின்று ஈயைப் பார்ப்பதுதான். ஈக்கள் குதிரையை எவ்வளவு சுற்றினவோ வரிக்குதிரையையும் அவ்வளவு சுற்றின. தூரத்திலிருந்து வருவதில் குறைவே இல்லை. உட்காருவதில்தான் வித்தியாசம். வரிக்குதிரையின் மேல் உட்கார்ந்தவை குதிரையின் மேல் உட்கார்ந்தவற்றில் நான்கில் ஒரு பங்கு. வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது, குதிரையை நெருங்கும் ஈ வேகத்தைக் குறைத்துப் பதமாக இறங்கியது. வரிக்குதிரையை நெருங்கிய ஈ வேகத்தைக் குறைக்கவே இல்லை. நேராக மோதித் தெறித்தது, அல்லது ஒட்டி உரசிக்கொண்டு பறந்துபோனது. பிறகு ஒரே குதிரைக்குக் கருப்புப் போர்வை, வெள்ளைப் போர்வை, வரிப்போர்வை என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். வரிப்போர்வையில் இறங்கியவை மிகக் குறைவு. போர்வை மூடாத தலையில் மட்டும் எப்போதும்போல் ஈ மொய்த்தது. வரிக்குதிரைகளோ இத்தனைக்கும் மேலே வாலை ஏறக்குறைய ஓயாமல் ஆட்டிக்கொண்டிருந்தன. மைசூருவில் நான் பார்த்த வாலின் அர்த்தம் இதுதான்.

ஈயின் கண்ணுக்குள் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பது இன்னும் தீர்ந்த கணக்கு இல்லை. கோடுகள் பாயும்போது வேகம் தப்பாகத் தெரிகிறது என்று முதலில் நினைத்தார்கள். அடுத்த ஆண்டே கட்டம் போட்ட போர்வையைப் போர்த்திப் பார்த்தார்கள், அதிலும் ஈக்கள் குறைந்தன. அப்படியானால் கோடு மட்டுமே ரகசியம் இல்லை. கருப்பும் வெள்ளையும் அடுத்தடுத்து நெருங்கி நிற்பதிலேயே ஏதோ இருக்கிறது.

வரிக்குதிரைக்கு இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம்? அதன் மயிர் குட்டை. ஈயின் வாய் எளிதாகத் தோலை எட்டிவிடும். ஆப்பிரிக்காவில் ஈ கொண்டுவரும் நோய்கள் குதிரைக் குடும்பத்தைக் கொன்றுவிடக்கூடியவை. செட்சி ஈக்களின் வயிற்றில் இருக்கும் ரத்தம் எந்த விலங்குடையது என்று பார்த்த ஆய்வுகளில், சுற்றிலும் வரிக்குதிரைகள் நிறைந்திருந்தும் அவற்றின் ரத்தம் அரிதாகவே கிடைத்தது.

ஜப்பானியர்கள் இதை மாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஐச்சி மாகாணத்தில் தொமோகி கொஜிமாவும் உடன் இருந்தவர்களும் ஆறு கருப்பு மாடுகளை எடுத்து, வெள்ளைப் பெயின்ட்டால் வரி வரைந்து, வரி இல்லாத நாட்களோடு ஒப்பிட்டார்கள். பெயின்ட் வாடைக்குத்தான் ஈ பயந்ததோ என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று கருப்புப் பெயின்ட்டாலும் வரி வரைந்து பார்த்தார்கள். கருப்பு வரிக்குப் பெரிய பலன் இல்லை. வெள்ளை வரி போட்டபோது கடிக்கும் ஈக்கள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன. மாடுகள் வாலடிப்பதும் தலையை உதறுவதும்கூடக் குறைந்தன. 2019-இல் வந்த இந்த ஆய்வுக்கு 2025-இல் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது. மாடு வைத்திருப்பவர்களுக்கு முதல் பாதி வராது. ஈ மொய்த்தால் தீனி குறையும், தீனி குறைந்தால் பால் குறையும். இதில் சிரிக்க எதுவும் இல்லை.

ஈயை விட்டு வேறு கண்களுக்குப் போகிறேன்.

எனக்குப் பத்து வயதிருக்கும். அம்மிச்சி வீட்டுத் திண்ணையில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். இரவு தண்ணீர் குடிக்க எழுந்த மாமா டார்ச் அடித்தபோது சுவரோரம் ஒரு பாம்பு. கருப்பு உடலில் வெள்ளை வளையங்கள். "கட்டுவிரியன்" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான், தடி எடுத்தாயிற்று. காலையில் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வந்து செத்த பாம்பைக் குச்சியால் புரட்டிப் பார்த்து, "இது விரியன் இல்லை சாமி, பல்லி தின்கிற பாம்பு, விஷம் கிடையாது" என்றார். அது ஓநாய்ப் பாம்பு. அன்று கூடத்தில் யாரும் பேசவில்லை. மாமா மட்டும் ஒரு குழி வெட்டிப் பால் ஊற்றிப் புதைத்தார்.

கட்டுவிரியனின் வெள்ளைப் பட்டைகள் தலைப்பக்கம் மங்கி, வால்பக்கம் போகப் போகத் தெளிவாகும். பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். ஓநாய்ப் பாம்பில் தலைப்பக்கப் பட்டைதான் எடுப்பு, வாலை நோக்கி அது மங்கிவிடும். இதெல்லாம் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுகிறவனுக்குத் தெரியும். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், பயத்தில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் போவதில்தான் ஓநாய்ப் பாம்பின் பிழைப்பே இருக்கிறது. நஞ்சுள்ளதன் வேஷத்தைப் போட்டுக்கொண்டால் கீரியோ ஆந்தையோ ஒரு கணம் தயங்கும், அந்தக் கணம் போதும். மனிதன் மட்டும் பயந்தால் தயங்குவதில்லை, அடித்துவிடுகிறான். எந்தக் கண்ணை ஏமாற்ற அந்த வேஷம் உருவானதோ அந்தக் கண் நம்முடையதாக இல்லை. வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் வைத்து நஞ்செடுக்கும் இருளர்கள் ஒரு பார்வையில் இரண்டையும் பிரித்துவிடுவார்கள். அவர்களுக்கு இருக்கும் கண்ணில் கால்வாசி எங்களுக்கு அன்று இருந்திருந்தால் போதும், அந்தப் பாம்பு சுவரேறிப் பல்லியைத் தேடிப் போயிருக்கும்.

இரவில் நிறத்துக்கு வேலை இல்லை. சிவப்பும் மஞ்சளும் நிலவொளியில் செத்துவிடுகின்றன. வெளிச்சமே இல்லாத இடத்தில் "என்னிடம் வராதே" என்று சொல்ல வேண்டிய பிராணிக்கு, கருப்பின் பக்கத்தில் வெள்ளையை வைப்பதைவிட வேறு வழி கிடையாது. அமெரிக்காவின் ஸ்கங்க் அப்படித்தான். வாலைத் தூக்கினால் வெள்ளைக் கோடு, அதையும் மதிக்காவிட்டால் நாற்றம். நம் ஊர் முள்ளம்பன்றியின் முள் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பட்டை கருப்பு, ஒரு பட்டை வெள்ளை, மறுபடி கருப்பு. ஆபத்து வந்தால் முட்களைச் சிலிர்த்து, வால்முட்களைக் கலகலவென்று ஆட்டி, காலைத் தரையில் தட்டி, முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். அப்படியும் நெருங்கினால் பின்னோக்கிப் பாயும். பட்டைகளைப் பார்த்தும் ஒதுங்காத ஒரு புலியைப் பற்றி ஜிம் கார்பெட் எழுதியிருக்கிறார். முக்தேசரில் ஆட்களைக் கொன்ற பெண்புலி அது. முள்ளம்பன்றியிடம் ஒரு கண்ணை இழந்து, முன்காலில் ஐம்பது முட்கள் ஏறி, வேட்டையாட முடியாமல் போனதுதான் அதன் கதையின் தொடக்கம்.

எதிரியை விரட்டும் கருப்பு வெள்ளை ஒன்று என்றால், தன் இனத்துக்குத் தன்னைக் காட்டும் கருப்பு வெள்ளை வேறு. அதைப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டாம். கோடியக்கரைப் புல்வெளியில் காலை ஆறரை மணிக்குப் போய் நின்றால் போதும். வெளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும். பெட்டைகளும் குட்டிகளும் காய்ந்த புல்லின் நிறம், அசையாவிட்டால் புல்லுக்குள் போய்விடும். நடுவில் ஒரு கிடா. முதுகு கருத்து, வயிறும் முகவாயும் கண்ணைச் சுற்றிய வளையமும் சுண்ணாம்படித்த மாதிரி வெளுத்து, முறுக்கிய கொம்பை முதுகில் சாய்த்துக்கொண்டு நடக்கும். பிறக்கும்போது அதுவும் புல்லின் நிறம்தான். வயது ஏற ஏற, கிடாத்தனம் கூடக் கூட, கருமை ஏறுகிறது. ஒளிந்துகொள்ள முடியாத ஒரு நிறத்தை அது சம்பாதித்துக்கொள்கிறது. என்னை எல்லோரும் பார்க்கலாம், அப்படியும் உயிரோடு இருக்கிறேன் என்று பெட்டைக்கும் எதிர்க்கிடாவுக்கும் சொல்லும் நிறம் அது. அதே புல்வெளியில் காட்டுக் குதிரைகளும் மேய்கின்றன. எப்போதோ மனிதர்கள் விட்டுவிட்டுப் போன மட்டக்குதிரைகளின் வாரிசுகள். அவற்றுக்கு வரி இல்லை. அன்று பழுப்புக் குதிரை ஒன்று என் முன்னால் நின்று வாலால் விலாவை அடித்துக்கொண்டே இருந்தது. சுட்டியின் நினைப்பு வந்துவிட்டது.

பாண்டாவுக்கு அதிகம் சொல்லப் போவதில்லை. அதன் கருப்பு வெள்ளையை எல்லோரும் பொம்மையின் அழகாகத்தான் பார்க்கிறார்கள். மூங்கில் தின்று கொழுப்புச் சேர்க்க முடியாததால் மற்றக் கரடிகள் பலவற்றைப்போல் அது குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்க முடியாது. பனியிலும் நடமாட வேண்டும், காட்டு நிழலிலும் நடமாட வேண்டும். வெள்ளை பனிக்கு, கருப்பு நிழலுக்கு என்பது 2017-இல் வந்த விளக்கம். சீனக் காடுகளில் எடுத்த படங்களை வைத்து 2021-இல் வந்த ஆய்வும் பாண்டா தன் காட்டில் நன்றாகவே ஒளிந்துகொள்கிறது என்றது. சிமென்ட் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு ஏன் இப்படிப் பளிச்சென்று இருக்கிறது என்று கேட்கிறோம். கடலில் முதுகு கருத்து வயிறு வெளுத்த பென்குவினும் டால்பின் குடும்பத்து ஓர்க்காவும் அப்படித்தான். மேலிருந்து பார்ப்பவனுக்கு ஆழத்தின் இருட்டோடும், கீழிருந்து பார்ப்பவனுக்கு வானத்தின் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். மீன் சந்தையில் ஒரு மத்தியைப் புரட்டிப் பார்த்தால் இதே கணக்குத்தான்.

எந்தக் கண்ணுக்காகவும் வராத கருப்பு வெள்ளையும் உண்டு. அது எங்கள் சுட்டியின் நெற்றியில் இருக்கிறது.

கருவில் நிறம் தரும் செல்கள் முதுகுத்தண்டு உருவாகும் இடத்தில் பிறந்து, அங்கிருந்து பெருகிப் பெருகி, உடலின் இரண்டு பக்கமும் இறங்கி நடக்கின்றன. முதுகுக்குப் பக்கத்து வீடு, வயிற்றுக்கும் குளம்புக்கும் நெற்றி நடுவுக்கும் தூரத்து ஊர். நேரத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். ஆட்டுக்கு வெள்ளைக் கால், நாய்க்கு வெள்ளை மார்பு, பூனைக்கு வெள்ளை வயிறு, மாட்டுக்கு நெற்றிச் சுட்டி எல்லாம் இப்படி வந்தவை. காட்டில் இப்படி ஒரு குட்டி பிறந்தால் பிழைப்பது கடினம். பட்டியில் பிறந்தால் யாராவது ஆசைப்பட்டு வளர்த்துவிடுவார்கள். நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவ் 1959-இல் தொடங்கிய நரிச் சோதனையில், மனிதனைக் கண்டு மிரளாத நரிகளை மட்டும் தேர்ந்து இனப்பெருக்கம் செய்தார்கள். நிறத்தை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. சில தலைமுறைகளில் கருநரிக் குட்டிகளின் நெற்றியில் வெள்ளைச் சுட்டி வந்தது. பண்ணை நரிகளிடம் இது முன்பே கொஞ்சம் இருந்தது என்று பின்னால் சிலர் சுட்டிக்காட்டினார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் பண்ணை நரியும் மனிதனின் கையில் வளர்ந்த நரிதானே.

போன மழைக்குப் பிறகு ஒரு நாள், ஜப்பானியர் செய்ததை நானும் செய்து பார்த்தேன். பெயின்ட் வைத்து மாட்டைக் கஷ்டப்படுத்த மனம் வரவில்லை. நாமக்கட்டியை உரசிக் குழைத்து எடுத்துக்கொண்டேன். சுட்டியின் இடப்பக்கம் மட்டும், முதுகிலிருந்து வயிறுவரை, இரண்டு விரல் அகலத்தில் வரிகள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்புக்கு வர்ணம் அடிக்கும்போது எப்படி நிற்குமோ அப்படிப் பொறுமையாக நின்றது. விரல் பட்ட இடமெல்லாம் தோல் ஒரு முறை துடித்து அடங்கியது. அம்மா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் முக்காலி போட்டு உட்கார்ந்து, மேலே இறங்கும் ஈக்களை எண்ணினோம். அரை மணி நேரம். இது ஆய்வு இல்லை என்று எனக்குத் தெரியும். வெயில் ஒரு பக்கம் கூடுதலாக விழுந்திருக்கலாம். இருவர் எண்ணிய கணக்கும் ஒரே தராசில் நிற்காது. அம்மா பக்கம் 16. வரி போட்ட என் பக்கம் 7.

நான் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்து வந்து வரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சுட்டி சோளத்தட்டில் வாய் வைத்திருந்தது.

"நாளைக்கு அந்தப் பக்கமும் போட்டுவிடு கண்ணு" என்றார்.